தூக்கிவிட ஒரு ஆள்

முப்பத்தாறு வயதில் எனக்குப் பணி ஓய்வு விழா நடத்தினார்கள். சால்வை போர்த்தி, கண்ணாடிச் சட்டம் போட்ட வேத வசனப் பலகை ஒன்றைக் கையில் கொடுத்து, நான்கு பேர் பேசினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அம்மா, கூட்டம் முடிந்ததும் வந்து, "நானே இன்னும் சித்தாள் வேலைக்குப் போய்க்கினு கீறேன். நீ இன்னாடி அதுக்குள்ள ரிட்டயர் ஆயிட்டே?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது.

பதினான்கு வருடம் நான் பார்த்த வேலை தொலைபேசியில் ஜெபிப்பது. செம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம், ஒரு பழைய வீட்டின் முதல் மாடியில் எங்கள் கிறிஸ்தவ ஊழியத்தின் ஜெப அறை இருந்தது. எட்டுத் தடுப்புகள், எட்டு நாற்காலிகள், எட்டுத் தொலைபேசிகள். எந்த ஊரிலிருந்தும் யார் வேண்டுமானாலும் அழைத்துத் தங்கள் தேவையைச் சொல்லலாம். நாங்கள் கேட்டு, குறித்துக்கொண்டு, அவர்களுக்காக ஜெபிப்போம். அப்படி ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் பேசிப் பேசி என் குரல்நாண்களில் காய்ப்பு விழுந்துவிட்டது. உள்ளங்கையில் விழுவது போலத்தான் என்று மருத்துவர் சொன்னார். அம்மாவின் உள்ளங்கையிலும் காய்ப்பு உண்டு. அது செங்கல் சுமந்து வந்தது.

இப்போது அந்த அறையையும் காலி செய்துவிட்டார்கள். எல்லாம் கைப்பேசிச் செயலிக்கு வந்துவிட்டது. தேவையைத் தொட்டால் அதற்கென்று முன்பே பதிவு செய்த ஜெபம் ஒலிக்கும். அந்தப் பதிவுகளில் பாதி என்னுடையவை, குரல் நன்றாக இருந்த காலத்தில் பேசியவை. செயலியைக் கவனித்துக்கொள்ளும் இரண்டு இளம் பெண்கள், "அக்கா, புதுசா வர்றவங்களுக்கு உபயோகமா உங்க அனுபவத்த நம்ம பத்திரிகைக்கு எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்டார்கள். ஜெபம் கேட்கப்பட்ட சந்தோஷமான சாட்சிகளை எதிர்பார்த்துத்தான் கேட்டிருப்பார்கள். அப்படிச் சில உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒன்றுதான் வருகிறது.

என் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். அப்பா மறைமலை நகர்ப் பக்கம் தொழிற்சாலைகளில் லாரிக்குச் சரக்கு ஏற்றி இறக்குபவர். அம்மா கட்டட வேலை. கோவிலம்பாக்கத்தில் ஒற்றை அறை வீடு. அங்கே 'வீடு' என்ற சொல்லே கிடையாது, எல்லாம் 'வூடு'தான். கல்லூரிக்குப் போன முதல் மாதம் வகுப்பில் நான் 'வூட்ல' என்று சொன்னதற்கு எழுந்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மூன்று வருடப் படிப்பில் வரலாறு எவ்வளவு கற்றேனோ தெரியாது, என் வாயிலிருந்து கோவிலம்பாக்கத்தை முழுசாகத் துடைத்து எடுத்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமை இல்லாவிட்டால் எனக்கு அந்த நாற்காலி கிடைத்திருக்காது.

பயிற்சி மூன்று வாரம். எங்கள் மேற்பார்வையாளர் தேவசகாயம் ஐயா முன்பு தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். அறைக்குள் காலுறையோடுதான் நடப்பார், காலடிச் சத்தம் அழைப்பவருக்குக் கேட்டுவிடும் என்று. யாரையும் திட்ட மாட்டார். நாம் தேவைக்கு மேல் பேசினால் பின்னால் வந்து நின்று மேசையின் ஓரத்தில் ஒரு விரலை மட்டும் வைப்பார். அந்த விரல் எடுக்கப்படும்வரை முதுகு கூசும்.

அவர் வகுத்த முறை இதுதான். மணி இரண்டு முறை அடித்த பிறகே எடுக்க வேண்டும், ஒரு முறையில் எடுத்தால் அழைத்தவர் திடுக்கிடுவார். வணக்கத்துக்குப் பதிலாகத் தோத்திரம் சொல்ல வேண்டும். பெயர் கேட்க வேண்டும், ஊர் கேட்கக் கூடாது. எந்தக் காரியத்துக்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டு, முதல் ஒரு நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். ரோஸ் நிறத் தாளில் தேவையின் வகையைக் குறிக்க வேண்டும்: உடல்நலம், வேலை, திருமணம், குடும்பச் சமாதானம், மனச்சோர்வு, இதர. பிறகு கண்ணை மூடி ஜெபம். அழைத்தவர் ஆமென் சொல்லும்வரை நாம் சொல்லக் கூடாது. அதற்குப் பிறகு மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் தொலைபேசியை வைக்க வேண்டும்.

அந்த மூன்று எண்ணிக்கை எதற்கு என்று முதல் வாரத்திலேயே கேட்டேன். "சொல்ல வந்தத முதல்லயே சொல்றவங்க கம்மிம்மா. ஆமென் சொன்னப்புறம்தான் நெஜமா உள்ளது வெளிய வரும். அதுக்கு ஒரு கதவு தொறந்து வைக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

இன்னொரு விதியும் இருந்தது. நாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லக் கூடாது, பெயரைச் சொல்லக் கூடாது, அழைத்தவரை நேரில் பார்க்கக் கூடாது. நான் சேர்வதற்கு முன்பு, அழைத்தவர் ஒருவர் இடத்தைக் கண்டுபிடித்து வந்து, ஒரு சகோதரிக்காகத் தினமும் வாசலில் காத்து நின்றாராம். அந்தப் பெண் வேலையையே விட்டுவிட்டுப் போனாள். அதனால் விதிக்குக் காரணம் இருந்தது. "நாம தபால்காரங்க. கடிதத்த மேல சேர்த்தாச்சா, நம்ம வேலை முடிஞ்சுது" என்பார் ஐயா. எனக்கு அந்த விதி பிடித்தே இருந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை, கோவிலம்பாக்கம் இல்லை. நான் வெறும் குரல். நல்ல தமிழ் பேசும் குரல். "அந்த அழகா ஜெபிக்கிற சிஸ்டர் இருக்காங்களா?" என்று கேட்டு அழைப்பவர்கள் பெருகினார்கள்.

சேர்ந்து ஏழு வருடமான சமயம் சலோமி அக்கா அழைத்தார்.

காலை பதினோரு மணி. குரலை வைத்து ஐம்பது ஐம்பத்தைந்து வயது என்று நினைத்தேன். பேச்சு அப்படியே என் அம்மாவின் பேச்சு. காலில் புண், ஆற மாட்டேன் என்கிறது, சர்க்கரை வேறு இருக்கிறது என்றார். உடல்நலம் என்று குறித்தேன். ஜெபித்தேன். அடுத்த நாள் அதே நேரத்துக்கு அழைத்து, நேற்றுப் பேசிய பொண்ணே வேண்டும் என்று கேட்டு என்னிடம் வந்தார். மூன்றாவது நாளும் அப்படியே.

நான்காவது நாள் அவர் பேச்சு கொஞ்சம் தயங்கியது. கால் ரொம்ப வீங்கியிருக்கிறது, ஊன்ற முடியவில்லை என்றார். பிறகு சொன்னார்: "என்னைத் தூக்கிவுட ஒரு ஆள் இல்லம்மா."

இந்த இடத்தை எழுத எனக்குக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் ஜெபத் தமிழில் 'தூக்கிவிடுதல்' என்றால் வேறு. விழுந்துபோன மனதை, நொறுங்கிப்போன வாழ்க்கையை ஆண்டவர் தூக்கிவிடுகிறார். ஒரு நாளைக்கு நாற்பது பேர் அந்தச் சொல்லைச் சொல்வார்கள். கணவர் குடிக்கிறார், என்னைத் தூக்கிவிட ஆள் இல்லை. பரீட்சையில் தோற்றுவிட்டேன், தூக்கிவிட யாரும் இல்லை. எனவே அதைக் கேட்டதும் என் பேனா தானாகவே உடல்நலத்திலிருந்து நகர்ந்து, மனச்சோர்வு என்ற கட்டத்தில் டிக் போட்டது. இத்தனை நாள் கழித்து அக்கா தன் உள்ளத்தைத் திறந்துவிட்டார் என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. அன்றைக்கு நான் செய்தது நல்ல ஜெபம். விழுந்து கிடக்கும் இந்த மகளை உமது வலக்கரத்தால் தூக்கி நிறுத்தும் ஆண்டவரே என்று கேட்டேன். மனிதர்கள் கைவிட்டாலும் நீர் கைவிட மாட்டீர் என்று சொன்னேன். பக்கத்துத் தடுப்பிலிருந்த பெண் தன் அழைப்பு முடிந்த பிறகும் நகராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆமென் என்றார் அக்கா. நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. அப்போது அவர், "செரிம்மா... அந்தப் படிதான்..." என்றார். மூன்று. வைத்துவிட்டேன்.

படி என்றதும் ஆண்டவர் வாழ்க்கையில் படிப்படியாக உயர்த்துவார் என்ற அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்து ஒரு வாரம் இதே கதைதான். அவர் தூக்கிவிட ஆள் இல்லை என்பார், நான் ஆண்டவர் இருக்கிறார் என்பேன். ஒரு நாள் நடுவில், "இரும்மா, கூடைக்கு ஆள் வந்துகீது" என்று சொல்லிப் போனவர் நெடுநேரம் வரவில்லை. என்ன கூடை என்று நான் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஐயாவின் விரல் மேசைக்கு வந்துவிடுமே என்றுதான் நினைத்தேன்.

பதினோராவது நாள், ஒரு வியாழக்கிழமை. அவர் பேசத் தொடங்கியபோதே தொலைபேசியில் ஒரு சத்தம் கேட்டது. ஜெப அறை இருந்த பகுதிக்கு வெங்காயம் விற்கும் குட்டி யானைச் சரக்கு வண்டி ஒன்று வரும். ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல். அந்த ஆள் பதிவு செய்யும்போது நடுவில் இருமியிருக்கிறார், அதை வெட்டாமல் விட்டுவிட்டார். அதனால் 'பெல்லாரி வெங்காயம்' என்று சொல்லி, ஒரு இருமல், பிறகு 'அம்மா வாங்க, அக்கா வாங்க' என்று வரும். வருடக்கணக்காக ஒரே இருமல். எங்கள் அறையில் அதற்கு 'இருமல் வண்டி' என்றே பெயர். அந்த இருமல் சலோமி அக்காவின் தொலைபேசிக்குள் கேட்டது.

நான் ஜெபத்தை ஆரம்பித்தேன். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். ஜன்னலுக்குக் கீழே அதே வண்டி வந்தது. பெல்லாரி வெங்காயம். இருமல். அம்மா வாங்க, அக்கா வாங்க.

மறுமுனையில் அக்கா சிரித்துவிட்டார். இந்தப் பதினோரு நாளில் அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அட, உன் பக்கமும் அந்த இருமல் வண்டி வருதாம்மா? நீ இங்கதான் கீறியா?"

விதி நினைவுக்கு வந்தது, வாசலில் நின்றவரின் கதை நினைவுக்கு வந்தது. அதோடு இன்னொன்றும் உண்டு, அதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை நாள் வானத்திலிருந்து வருவது போல இருந்த என் குரலுக்கு ஒரு தெரு, ஒரு வெங்காய வண்டி இருப்பது தெரிந்துவிடுமே என்று வெட்கமாக இருந்தது.

"வெங்காய வண்டி எல்லா ஊர்லயும் வருது அக்கா" என்றேன்.

அக்காவின் சிரிப்பு நின்றது. "ஆமா ஆமா, வரும்" என்றார். ஆமென் சொன்னார். நான் மூன்று எண்ணினேன். அந்த மூன்றிலும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேடிக்கையாக இருக்கட்டும் என்று இருமல் வண்டிக் கதையைச் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை, விதி. அந்த அக்காவின் பேச்சு உன் பேச்சு மாதிரியே இருக்கும் என்றும், காலில் புண், வீங்கி ஊன்ற முடியவில்லை என்றும், தூக்கிவிட ஆள் இல்லை என்று தினமும் வருத்தப்படுகிறார் என்றும் சொன்னேன். அம்மாவின் கை நின்றது.

"கால்ல புண்ணுன்னு சொல்லிச்சா?"

"ஆமா."

"தூக்கிவுட ஆள் இல்லன்னிச்சா? நீ இன்னா பண்ணே?"

"ஜெபம் பண்ணேன்."

"அது செரி. தூக்குனது யாரு?"

எனக்குக் கோபம் வந்தது. அது ஆவிக்குரிய வார்த்தை, உனக்குப் புரியாது, அது வேறு பாஷை என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா பாஷைடி? காலு வீங்கிக் கெடக்குது, ஊனி நிக்க முடில, தூக்கிவுட ஆளில்லன்னா, அக்குள்ல கை குடுத்து தூக்கணும்னு அர்த்தம். நாளைக்கு நான் வேலைக்குப் போவல. வூடு எதுன்னு கேளு, போயி இட்டுக்கினு வரலாம்" என்றாள்.

நான் எழுந்து முகம் கழுவப் போனேன். குழாயடியில் நின்றபோது அந்த நான்காம் நாள் காதில் திரும்ப ஒலித்தது. செரிம்மா, அந்தப் படிதான். அது வாழ்க்கையின் படி அல்ல, வீட்டுப் படி. என் அம்மாவின் காதோடு கேட்டிருந்தால் முதல் தடவையே விளங்கியிருக்கும். அந்தக் காதைத்தான் நான் மூன்று வருடம் பாடுபட்டு அடைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்கா பதினோரு மணிக்கு அழைத்தால் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டுவிடுவது, ஐயா விரலை வைத்தாலும் கேட்டுவிடுவது என்று நிச்சயித்துக்கொண்டு போனேன். அவர் அழைக்கவில்லை. மணி பன்னிரண்டு ஆனது. எழுந்து வெளியே போயிருக்கலாம். இருமல் வண்டிக்காரரைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை எங்களுக்கு உபவாச ஜெபம். கீழே கூடத்தில் அறுபது எழுபது பேர் கூடியிருந்தார்கள், விண்ணப்பங்களை வாசிப்பது என் வேலை. சலோமி அக்காவின் பெயரை முதலில் வாசித்தேன். எனக்குள் இருந்த கலக்கமெல்லாம் குரலில் வந்தது. கூடமே அழுதது. அறுபது எழுபது பேர் முழங்காலில் நின்று அவரைத் தூக்கிவிடும்படி ஒரே குரலில் கேட்டோம். நான்கு நிமிட தூரத்தில் அவர் இருந்தார். அவரைத் தூக்க நான்கு பேர் போதும்.

சனிக்கிழமை காலை நானும் அம்மாவும் வெங்காய வண்டிக்காரரைப் பிடித்தோம். பதினோரு மணிக்கு எந்தத் தெருவில் இருப்பார் என்று கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. "ரெண்டாவது குறுக்குத் தெருங்க. அங்க மாடியில ஒரு அக்கா கூடை வுடும், அதுல போட்டுட்டுத்தான் வருவேன்" என்றார்.

அந்த வீட்டைப் பார்த்ததும் அம்மா "ஐயோ" என்றாள். கீழ் வீடு பூட்டிக் கிடந்தது. உரிமையாளர் மகனோடு வெளிநாட்டில் இருந்தார். மொட்டை மாடியில் ஒற்றை அறை. அதற்குப் போக வெளியே சுருள் இரும்புப் படி, ஒரு ஆள் மட்டும் உடம்பை ஒடுக்கி ஏறும் அகலம். மாடிக் கைப்பிடியிலிருந்து கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் கூடை தொங்கிக்கொண்டிருந்தது. மளிகைக்காரர், வெங்காயக்காரர், பால்காரர் எல்லோரும் அந்தக் கூடையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். கூடை ஏறி இறங்கியது. அவர்களில் யாரும் ஏறவில்லை.

தண்ணீர் கேன் போடுபவர் மட்டும்தான், கேன் கூடைக்குள் போகாது என்று, பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மாடி ஏறுகிறவர். அன்று காலை அவர் ஏறியபோது அக்கா காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தார். தெருக்காரர்கள் நான்கு பேர் அவரைப் போர்வையில் கட்டி, அந்தச் சுருள் படியில் நெஞ்சோடு அணைத்து இறக்கி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் போனபோது அது நடந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்று நர்ஸ் ஒருவர் அம்மாவிடம் சொன்னாராம்.

அம்மாவிடம் சொன்னாராம் என்று எழுதுகிறேன். காரணம், நான் வார்டுக்குள் போகவில்லை. வாசல்வரை போனேன். உள்ளே அக்கா கண் விழித்துப் படுத்திருந்தார். பதினோரு நாள் காதில் கேட்ட மனுஷிக்கு ஒரு முகம் இருந்தது, நெற்றியில் ஒரு பழைய தழும்பு இருந்தது. வாயைத் திறந்தால் என் குரலைத் தெரிந்துகொள்வார். எல்லா ஊரிலும் வண்டி வரும் என்று சொன்ன குரல். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அம்மா போனாள். கொஞ்சம்கூட யோசிக்காமல் அக்காவின் அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை வைத்தாள். "யாரும்மா நீ?" என்று அக்கா கேட்டது வாசல்வரை கேட்டது. "பக்கத்துத் தெருவு" என்றாள் அம்மா, எங்கள் வீடு பல மைல் தள்ளி இருந்தும். அவள் சொன்னதும் பொய், வெங்காய வண்டியைப் பற்றி நான் சொன்னதும் பொய். இரண்டையும் நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

மூன்று வாரம் அம்மா போய் வந்தாள். நான் சாப்பாட்டுத் தூக்கை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நான் யார் என்று அம்மா அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அது நீ சொல்ல வேண்டியது. நான் எதுக்கு?" என்றாள். மருத்துவமனையிலிருந்து அக்கா மறைமலை நகரில் தன் தங்கை வீட்டுக்குப் போனார். அங்கிருந்து ஒரே ஒரு முறை ஜெப அறைக்கு அழைத்தார். என் நல்ல நேரமோ கெட்ட நேரமோ, என் தொலைபேசியே அடித்தது. கால் போய்விட்டது என்றார். "ஆனா நீ பண்ண ஜெபத்தாலதாம்மா நான் தாங்கிக்கினேன்" என்று நன்றி சொன்னார். நான் ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்று நினைவில்லை. ஆமென்னுக்குப் பிறகு இந்தத் தடவை சொல்ல வேண்டியது என்னிடம் இருந்தது. மூன்று வரை எண்ணி, நான்தான் வைத்தேன்.

ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தப் பதினோரு ரோஸ் தாள்களையும் எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். உடல்நலம் மூன்று, மனச்சோர்வு எட்டு. எவ்வளவு தூரம் என்று கேட்டார். நடந்தால் நான்கு நிமிடம் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் தாள்களின் மேல் வைத்தார். "விதிய எழுதுனது நான்மா. உன்னை மட்டும் சொல்லாத" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து, வகைகளுக்கெல்லாம் கீழே பென்சிலால் ஒரு வரி எழுதினார்: நேரில் ஒரு ஆள் தேவையா? ஆம், இல்லை. அடுத்த வாரம் அச்சடித்த தாள்களில் அந்த வரி இருந்தது. சுற்றுவட்டாரத் திருச்சபைகளில் பெண்கள் ஐக்கியத்தாரிடம் அவரே போய்ப் பேசி, அழைத்தால் போகக்கூடியவர்களின் பட்டியலும் வாங்கி வந்தார்.

அந்த வரி சிலரைக் காப்பாற்றியது. பிரசவத்துக்குத் துணை இல்லாத ஒரு பெண், குளியலறையில் விழுந்த ஒரு ஆசிரியை. ஆனால் அழைப்புகள் பெருகப் பெருக, நாங்கள் கேட்காமலே 'இல்லை'யில் டிக் போடக் கற்றுக்கொண்டோம். நானும் போட்டிருக்கிறேன். அக்காவின் காலைப் பார்த்த பிறகும் போட்டிருக்கிறேன். ஐயா ஓய்வு பெற்றுப் போனார். இப்போது செயலியில் ஒன்பது வகைகள், அழகான சின்னச் சின்னப் படங்களோடு. அந்த வரி இல்லை. புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். அந்த வரியைத் திரும்பப் போடுங்கள். போட்டால், கேளுங்கள்.

குரல் போன பிறகு, சென்ற வருடம், நான் முதல் தடவையாக மறைமலை நகருக்குப் போனேன். அம்மாவோடு போனேன். ஏழு வருடம் போகத் துணியாத இடத்துக்குப் போகத் துணிவு வந்தது எதனால் என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், இனி வாயைத் திறந்தாலும் அவருக்கு அடையாளம் தெரியாது. "என் பொண்ணு" என்று அம்மா அறிமுகப்படுத்தினாள். "தொண்டையில இன்னாம்மா?" என்று அக்கா இரக்கமாகக் கேட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் அம்மாவோடு போகிறேன். செயற்கைக் காலைக் கழற்றி மாட்ட உதவுகிறேன், மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். இரண்டு படி இறங்க வேண்டும், அவ்வளவுதான். அக்குளில் கை கொடுத்தால் அக்கா ரொம்ப லேசு.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் தங்கை மகளிடம் சொல்லிக் கைப்பேசியில் அந்தச் செயலியைப் போட்டு வாங்கியிருக்கிறார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இதைக் கேளு" என்று ஒரு படத்தைத் தொட்டார். என் குரல் வந்தது. தெளிவாக, கொஞ்சமும் பிசிறில்லாமல், விழுந்து கிடப்பவர்களைத் தூக்கிவிடும் ஆண்டவரே என்று. அக்கா கண்ணை மூடிக்கொண்டு முடியும்வரை கேட்டார். ஆமென் என்றார். நான் என்னை அறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தேன்.

"இதான் அந்தப் பொண்ணு, நான் சொல்வேனே. எனக்கோசரம் தெனம் ஜெபம் பண்ணிச்சே" என்றார். "நல்ல புள்ள. இன்னா பண்றது, தூரத்துல இருந்துச்சு, பாவம்."

மூன்று தாண்டி எண்ணிக்கொண்டே போனேன். சொல்லவில்லை.

அக்கா எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். எங்கள் பத்திரிகை மாதாமாதம் அவர் வீட்டுக்கு வருகிறது. அட்டை முதல் அட்டை வரை விரல் வைத்துப் படித்து முடித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். இந்தக் கட்டுரையை வெட்டாமல் போட ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் முதல் வாரத்துக்குள் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு அடுத்து ஒரு செவ்வாய்க்கிழமை வரும். வழக்கமான நேரத்துக்கு நான் அங்கே போய் நிற்பேன், அம்மா இல்லாமல்.